சிந்து நதியை ஒன்றாகப் பார்த்தவர்: டேவிட் லிலியென்தால்

1948 ஏப்ரல் 1 ஆம் திகதி, இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் அரசு மதகுகளை மூடியது. எல்லைக்கு அப்பால், லாகூர்ப் பக்கத்து வாய்க்கால்கள் வற்றத் தொடங்கின. பிரிவினையின்போது கோடு கிழித்தவர்கள் நிலத்தைப் பிரித்தார்களே தவிர வாய்க்கால்களைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. மதகுகள் இந்தியாவில், அவற்றை நம்பியிருந்த வயல்கள் பாகிஸ்தானில் என்று ஆகிவிட்டது. தற்காலிக நீர்ப்பங்கீட்டு ஏற்பாடு மார்ச் 31 உடன் காலாவதியாக, அடுத்த நாளே நீர் நின்றது. மே 4 ஆம் திகதி டெல்லியில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டு நீர் மீண்டும் விடப்பட்டாலும், நதி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்படியே இருந்தது. சட்லஜ் நதியில் பக்ரா அணைக்கட்டை இந்தியா எழுப்பத் தொடங்கியபோது பாகிஸ்தானின் பயம் இன்னும் பெருகியது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழியைக் காட்டியவர் இராஜதந்திரியும் அல்ல, பொறியியலாளரும் அல்ல. டேவிட் லிலியென்தால் ஒரு சட்டத்தரணி. 1899 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஹார்வார்ட்டில் சட்டம் படித்து, மின்சாரம், தொலைபேசி போன்ற பொதுச் சேவைகளை நடத்தும் நிறுவனங்கள் தொடர்பான வழக்குகளில் பெயரெடுத்தார். 1933 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையை உருவாக்கியபோது அதன் மூன்று பணிப்பாளர்களில் ஒருவரானார். அப்போது அவருக்கு 33 வயது.

டென்னசி ஆற்றின் வடிநிலம் ஏழு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. வெள்ளம், மண்ணரிப்பு, வறுமை, இருட்டு என்று எல்லாம் சேர்ந்திருந்த பிரதேசம் அது. மாநில எல்லைகளைக் கருதாமல் முழு ஆற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, அணைகளை ஒன்றோடொன்று இணைத்து இயக்கியதுதான் அதிகாரசபையின் புதுமை. குடியானவர் வீடுகளுக்கு மலிவு மின்சாரம் கிடைத்தது. தனியார் மின் நிறுவனங்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டி, 1941 இல் அதன் தலைவரானார் லிலியென்தால். இதற்கு மறுபக்கமும் உண்டு. முதலாவது பெரிய அணையான நொரிஸுக்காக மட்டும் ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அணைக்கருகே கட்டப்பட்ட மாதிரி நகரில் கறுப்பினத்தவருக்கு வீடு கொடுக்கப்படவில்லை. லிலியென்தால் எழுதிய புகழ்பெற்ற நூலில் வெற்றிக்கதை தூக்கலாகவும் இவை மங்கலாகவும் தெரிகின்றன.

டென்னசி மாதிரி பின்னர் உலகம் சுற்றியது. இந்தியாவில் தாமோதர் பள்ளத்தாக்குக் கூட்டுத்தாபனமும், 1949 இல் இலங்கையில் அமைந்த கல்லோயா அபிவிருத்திச் சபையும் அதன் வார்ப்பில் வந்தவையே. கல்லோயாவில் அணையோடு குடியேற்றமும் சேர்ந்து வந்ததை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1946 இல் ஜனாதிபதி ட்ரூமன் அவரை அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் முதல் தலைவராக நியமித்தார். நியமனத்தை உறுதிப்படுத்த செனற் சபையில் நடந்த விசாரணை அசிங்கமானது. அதிகாரசபை வேலைகளைத் தன் ஆட்களுக்குக் கொடுக்க மறுத்ததற்காகப் பழைய பகை வைத்திருந்த டென்னசி செனற்றர் மக்கெல்லர், லிலியென்தாலின் பெற்றோர் எங்கே பிறந்தவர்கள் என்றுகூடத் துருவினார். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகமும் வீசப்பட்டது. தப்பிப் பதவிக்கு வந்தார். ஆனால் ஐதரசன் குண்டை அவசரமாகத் தயாரிப்பதை அவர் எதிர்த்தார். ட்ரூமன் மறுபக்கம் முடிவெடுத்தார். 1950 பெப்ரவரியில் லிலியென்தால் அரச சேவையிலிருந்து விலகினார்.

ஓராண்டு கழித்து, பதவி எதுவும் இல்லாத தனிமனிதராக, கொலியர்ஸ் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதுவதற்காக அவர் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் வந்தார். நேருவையும் லியாகத் அலி கானையும் சந்தித்தார். எல்லோரும் காஷ்மீரைப் பற்றியே பேசினார்கள். அவருக்கோ, காஷ்மீருக்கு இப்போதைக்குத் தீர்வில்லை, ஆனால் நீருக்கு உண்டு என்று பட்டது. 1951 ஓகஸ்டில் வெளியான கட்டுரையில், சிந்து நதித் தொகுதியின் நீரில் பெரும்பகுதி பயன்படாமல் அரபிக்கடலில் கலப்பதைச் சுட்டிக்காட்டினார். இருக்கும் நீரைப் பங்குபோடுவதைப் பற்றியே இரு நாடுகளும் சண்டையிட்டுக்கொண்டிருக்க, தேக்கிவைத்தால் இருவருக்கும் போதும் என்பது அவர் கணக்கு. நதித் தொகுதி முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு இரு நாட்டுப் பொறியியலாளர்களும் கூட்டாக இயக்கவேண்டும், உலக வங்கி பணம் கொடுக்கவேண்டும் என்றார். டென்னசியைத்தான் அப்படியே பஞ்சாபில் வைத்துப் பார்த்தார்.

உலக வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் இதைப் பிடித்துக்கொண்டார். செப்டெம்பரில் இரு பிரதமர்களுக்கும் கடிதம் எழுதினார். ஒக்டோபரில் லியாகத் அலி கான் ராவல்பிண்டியில் சுட்டுக்கொல்லப்பட்ட போதிலும் முயற்சி நிற்கவில்லை. அரசியல், சட்ட உரிமை ஆகியவற்றை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பொறியியலாளர்களை மட்டும் உட்காரவைப்பது என்ற லிலியென்தாலின் யோசனைப்படி, 1952 மேயில் வொஷிங்டனில் முதல் கூட்டம் நடந்தது.

கூட்டு நிர்வாகம் என்ற கனவு மட்டும் அங்கே இரண்டு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. ஒருவர் கையில் இருக்கும் மதகை மற்றவர் நம்பத் தயாராக இல்லை. 1954 பெப்ரவரியில் வங்கி வேறொரு திட்டத்தை முன்வைத்தது: ராவி, பியாஸ், சட்லஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. ஒன்றாகப் பார்க்கச் சொன்ன நதி இரண்டாக வெட்டப்பட்டது. தன் கிழக்கு வாய்க்கால்களுக்கு மேற்கு நதிகளிலிருந்து நீர் கொண்டுவரப் பாகிஸ்தானுக்குப் புதிய இணைப்பு வாய்க்கால்களும் அணைகளும் தேவைப்பட்டன. அதற்கான பணம் யார் கொடுப்பது என்பதிலேயே அடுத்த ஆறு ஆண்டுகள் கழிந்தன. இந்தியா 62 மில்லியன் பவுண் கொடுக்க, மீதியில் பெரும்பங்கை மேற்கு நாடுகளும் வங்கியும் ஏற்றன. 1960 செப்டெம்பர் 19 அன்று நேருவும் ஜனாதிபதி அயூப் கானும் கராச்சியில் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர்.

என் பார்வையில், லிலியென்தாலின் யோசனை தோற்றது என்று இதைச் சொல்ல முடியாது. பகைவர்கள் ஒரே மதகைச் சேர்ந்து திறப்பார்கள் என்று நம்பியது அவருடைய அமெரிக்க வெள்ளந்தித்தனம். ஆனால் உரிமையை விட்டு அளவைப் பேசுவது, மூன்றாம் தரப்பு பணத்தோடு வருவது ஆகிய இரண்டும் இல்லாமல் கராச்சி நடந்திருக்காது. அந்த ஒப்பந்தம் 1965, 1971, 1999 போர்களைத் தாண்டியது.

அதன் விலையைச் செலுத்தியவர்கள் மேசையில் இருக்கவில்லை. ஜீலம் நதியில் 1967 இல் முடிந்த மங்களா அணைக்காகப் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர் பகுதியில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். பழைய மீர்ப்பூர் நகரம் நீருக்குள் போனது. பலர் பிரித்தானியாவின் ஆலை நகரங்களில் போய்க் குடியேறினார்கள்.

லிலியென்தால் 1955 இல் தொடங்கிய ஆலோசனை நிறுவனம் ஈரானில் ஷாவின் அரசுக்காக டெஸ் அணையைத் திட்டமிட்டது. போரின் நடுவே வியட்நாமின் மீகொங் கழிமுகத்துக்கும் அவர் அபிவிருத்தித் திட்டம் வரைந்தார். கேட்டது யார் என்று அதிகம் பார்க்காமல் அணை கட்டப் புறப்படும் பழக்கம் அவருக்கு இறுதிவரை போகவில்லை. 1981 ஜனவரியில் நியூயோர்க்கில் காலமானார்.

2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், ஒப்பந்தத்தை இடைநிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. இரு தரப்பும் சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும்வரை அது நடைமுறையில் இருக்கும் என்று ஒப்பந்தத்தின் 12 ஆவது உறுப்புரை கூறுகிறது.