உயிரணுவின் ஆற்றலைக் கண்டறிந்த டாக்டர் சுப்பாராவ்

நாம் குடியிருக்கும் இந்நகர் ஒரு விஞ்ஞானியின் பெயரைத் தாங்கி நிற்பதை நம் காலனிக் குழந்தைகளும் அறிவர். இ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தோற்றுவித்து வளர்த்த டாக்டர் அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்கள் 1914ஆம் ஆண்டு கோதாவரிச் சீமையிலே பிறந்தவர். அதே சீமையில் அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்னரே தோன்றி, சென்னையிலே கல்வி பயின்று, அமெரிக்காவிலே உழைத்து, அங்கேயே மறைந்த மற்றொரு பேரறிஞர் உண்டு. அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். தெலுங்கு மக்கள் அவரைத் தம்மவர் என்று போற்றுகின்றனர், அது முறையே. ஆயினும் அவர் மெட்ரிகுலேஷன் தேறியது திருவல்லிக்கேணியில். மருத்துவம் கற்றது சென்னை மருத்துவக் கல்லூரியில். ஆகவே தெலுங்கு நாட்டில் வாழும் தமிழராகிய நாமும் அவர்மீது சிறிது உரிமை கொண்டாடினால் எவரும் குறை கூறார் என்று நம்புகிறேன்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணி புரிந்தவர். உடல்நலக் குறைவால் உரிய காலத்துக்கு முன்னரே வேலையை விட நேர்ந்தது. பிள்ளைகளோ எழுவர்; சுப்பாராவ் நான்காமவர். வீட்டின் பாரத்தைச் சுமந்தவர் தாயார் வெங்கம்மா. வறுமையைக் கண்டு மனம் பொறாத சிறுவன், பதின்மூன்று வயதில், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி வீட்டை விட்டு ஓடினான். அன்னையார் விட்டாரில்லை, திரும்ப அழைத்து வரச் செய்து மறுபடியும் பள்ளியிலே சேர்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார் சுப்பாராவ். மெட்ரிகுலேஷனோடு படிப்புக்கு வணக்கம் சொல்லி ரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்த என் போன்றோர் இவ்விடத்தில் சற்று நின்று படிப்பது இயல்பே. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் இல்லங்களில் எழும் கூக்குரலையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தபின் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக வேண்டும் என்னும் ஆவல் அவருக்கு உண்டாயிற்று. தாயார் இசையவில்லை. 1915இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவர்களும் பொருளுதவி செய்தனர். 1919இல் அவருடைய மகள் சேஷகிரியை மணந்தார். காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்த காலம் அது. அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்து சென்றார் சுப்பாராவ். வெள்ளையரான பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்கு எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் கீழான எல்.எம்.எஸ். என்னும் சான்றே அவருக்குக் கிடைத்தது. மாகாண மருத்துவப் பணியும் கிட்டவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

இதற்கிடையே குடும்பத்தில் இடி விழுந்தது. சகோதரர் இருவரை அவர் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவ்வீட்டில் புகுந்திருந்தது. நம் நாட்டு வைத்தியர் கிராணி என்று பொதுவாகக் குறிக்கும் கழிச்சல் நோய்களுள் இதுவும் ஒன்று. நோயாளி உண்பார், உண்டது உடம்பில் ஒட்டாது. நாவிலும் வாயிலும் புண் உண்டாகும், இரத்தம் வெளுக்கும், உடல் நாளுக்கு நாள் தேய்ந்து எலும்பாகும். சுப்பாராவையும் அந்நோய் பற்றிற்று. ஆயுர்வேத மருத்துவர் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி அவர்களின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். சோறு வயிற்றில் இருக்க உடல் ஏன் பட்டினி கிடக்கிறது என்னும் வினா இவ்வாறு ஏட்டிலிருந்து அன்று, சொந்த வீட்டிலிருந்தே அவருக்குக் கிடைத்தது.

அவ்வினாவுக்கு விடை இருக்கும் இடம் உயிரணு. நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றையும் மெல்லியதொரு சவ்வு சூழ்ந்திருக்கிறது; எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்பதை அச்சவ்வு தேர்ந்து செய்கிறது. நடுவே உட்கரு, அதில்தான் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் பொருள் அடங்கியுள்ளது. சுற்றிலும் உள்ள கூழில், உணவையும் பிராணவாயுவையும் கொண்டு ஆற்றலைத் திரட்டும் இழைமணிகள் மிதக்கின்றன. புரதம் நெய்யும் நுண்ணிய தறிகளும் அங்கே உண்டு. குடலின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள உயிரணுக்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதியன தோன்றுகின்றன. சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்ந்து மடிகிறது. அதன் இடத்தை எலும்பு மச்சையில் பிறந்த மற்றொன்று நிரப்புகிறது. ஹப்சிகூடாவில் நாம் அடிக்கடி கடந்து செல்லும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் அறிஞர்கள் ஆராய்வது இவ்வுலகத்தைத்தான். உயிரணு வேலை செய்ய வலிமை எங்கிருந்து வருகிறது? ஓர் உயிரணு எவ்வாறு இரண்டாகிறது? இவ்விரு வினாக்களிலும் சுப்பாராவின் கை பட்டிருக்கிறது.

காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் அளித்த உதவியைக் கொண்டு கப்பலேறி, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய வகுப்பில் சேர்ந்தார். இந்தியாவில் மருத்துவராகத் தேறியவர் இரவு வேளையில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைச் சுமந்து வயிறு வளர்த்தார் என்பதைப் படிக்கையில் நெஞ்சம் நெகிழ்கிறது.

பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் உயிர்வேதியியல் சோதனைச்சாலையில் சேர்ந்தார். இரத்தத்திலும் பிற உடற்சாறுகளிலும் உள்ள பாஸ்பரஸை நீல நிறத்தின் அழுத்தத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற அது உலகெங்கும் சோதனைச்சாலைகளில் பல பத்தாண்டுகள் வழங்கி வந்தது. அம்முறையே அடுத்த புதையலைக் காட்டியது. தசைச் சாற்றில் அதனைக் கையாண்டபோது நீல நிறம் உடனே முழுமை பெறாமல், நேரம் செல்லச் செல்ல ஏறிக்கொண்டே சென்றது. மற்றொருவராயின் மருந்தில் ஏதோ பழுது என்று கொட்டிவிட்டு வேறு கலந்திருப்பர். சுப்பாராவோ, சாற்றில் எளிதில் உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்று தேடினார். பாஸ்போகிரியாட்டின் என்னும் அப்பொருள் 1927இல் வெளிப்பட்டது. 1929இல் அதனினும் பெரியதொன்று கிடைத்தது: அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனித்து நின்று அதனைக் கண்டறிந்தார்.

இப்பொருளின் பெருமையை என் தொழிலைக் கொண்டே விளக்க முற்படுகிறேன். பயணச்சீட்டு வழங்கும் சன்னலில் ஒவ்வொருவரும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், பெட்டியில் பணம் நிறைந்திருந்தும் சில்லறையின்றி வரிசை நகராது. நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் பெரிய நோட்டுகள். உயிரணு அவற்றை அப்படியே செலவிட இயலாது. ஏ.டி.பி.யே அதன் சில்லறை. மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாய்க் கோக்கப்பட்ட அமைப்பில் கடைசி ஒன்று கழலும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. தசை சுருங்குவதும், நரம்பு செய்தி கடத்துவதும், புதிய புரதம் பின்னப்படுவதும் அவ்வாற்றலால். கழன்ற பாஸ்பேட்டை இழைமணிகள் திரும்பக் கோத்து விடுகின்றன. இங்ஙனம் ஒரு மனிதனின் உடல் நாளொன்றுக்குச் சுழற்றும் ஏ.டி.பி. ஏறத்தாழ அவனுடைய எடைக்கே சமமாகும். எந்த ஒரு கணத்திலும் கையிருப்போ மிகச் சொற்பம். பாஸ்போகிரியாட்டின், கூட்டம் நெருக்கும் வேளைக்கென்று பெட்டியடியில் கட்டி வைத்த சில்லறை மூட்டை. ரயிலைப் பிடிக்க நாம் ஓடும் முதற் சில நொடிகளில் அவிழ்வது அம்மூட்டைதான்.

தசையின் இயக்கத்துக்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்னும் கொள்கை அதுவரை ஆட்சி செலுத்தி வந்தது. அவ்வாராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசும் ஹில், மேயர்ஹாஃப் என்னும் இருவருக்கு வழங்கப்பட்டிருந்தது. அக்கொள்கையை அசைத்தவர்களுள் ஒருவராகிய சுப்பாராவுக்கு 1930இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. நிலையான பேராசிரியப் பதவி கடைசி வரை கிடைக்கவில்லை. அந்நாளில் அச்சோதனைச்சாலையில் உடனிருந்து, 1988இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்கின் பொறாமையால் வெளிவராமற் போய், பிறர் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்று பிற்காலத்தில் தெரிவித்தார். சுப்பாராவின் அடக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கண்டதைத் தம்முடையது என்று கூவ அவர் கற்கவில்லை.

1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அங்கே மிகுந்த பயன் தந்தது ஃபோலிக் அமிலம். பம்பாய் ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளின் சோகை, ஈஸ்ட் சாற்றால் தீர்வதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1931இல் வெளியிட்டிருந்தார். அச்சாற்றில் உறைந்திருந்த சத்து அதுவே. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் உட்கருவின் மரபுப் பொருளைப் படியெடுத்தாக வேண்டும். ஃபோலிக் அமிலம் இன்றேல் அப்படி முடியாமல் பாதியில் நிற்கும். இரத்தமும் குடலும் முதலில் வாடுவது இதனாலேயே. சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதனைச் செயற்கையாகச் செய்து காட்டினர். நம் பெண்கள் கருவுற்றதும் மருத்துவர் எழுதித் தரும் சிறு மாத்திரை இதுவே.

உயிரணு பெருகுவதற்கு வேண்டிய பொருள் கையில் கிடைத்தபின், பெருகலாகாத உயிரணுவைத் தடுக்கும் வழியும் புலப்பட்டது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவில் தோன்றி, அதன் இடத்தில் அமர்ந்து வேலையைக் கெடுக்கும் அமினோப்டரின் என்னும் போலியை லெடர்லியில் செய்தனர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இச்செய்தி 1948 ஜூனில் வெளியாயிற்று. குணம் நிலைக்கவில்லை. ஆயினும் எந்த மருந்துக்கும் அசையாதிருந்த அந்நோய் முதன்முறையாகப் பின்வாங்கியது. அதே இனத்து மெதோட்ரெக்ஸேட் இன்று புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வழங்குகிறது. மூட்டுவலிக்காக வாரம் ஒருமுறை அதனை உண்ணும் பெரியோர் நம்மிடையேயும் இருக்கலாம். பக்க விளைவு குறைய மருத்துவர் உடன் எழுதித் தரும் மற்றொரு மாத்திரை ஃபோலிக் அமிலமே!

கும்பகோணம் பக்கத்து அன்பர்களுக்கு யானைக்கால் நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. அதற்காக அரசாங்கம் வீடுவீடாக வழங்கிய டி.இ.சி. மாத்திரையும் 1947இல் சுப்பாராவின் குழு தந்ததே. அவருடைய தலைமையின்கீழ் பெஞ்சமின் டக்கர் என்னும் முதியவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரொன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டெடுத்தார். 1948இல் அது வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலாவது அதுவே. நோய்க்கிருமியின் உயிரணுவிலுள்ள புரதத் தறியைப் பற்றி நிறுத்துவது இதன் தொழில். அத்தறியில் எவ்விடத்தில் அம்மருந்து அமர்கிறது என்பதை 2000இல் காட்டியவர்களுள், 2009இல் நோபல் பரிசு பெற்ற, நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஒருவர். ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர்கள் மாதக்கணக்கில் கொடுக்கும் மருந்துகள் இரண்டு: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின்.

நிற்க. பெரியோர் வரலாறு எழுதுவோர் விரைந்து கடக்கும் ஓர் இடம் இவ்வரலாற்றிலும் உண்டு. அங்ஙனம் கடக்க எனக்கு மனமில்லை. சில ஆண்டுகளில் திரும்பி விடலாம் என்று புறப்பட்டவர் இருபத்தாறு ஆண்டுகளாகியும் திரும்பவில்லை. மணமாகி மூன்றே ஆண்டுகளில் பிரிந்த சேஷகிரி அம்மையார் கணவரின் முகத்தை மறுமுறை காணவில்லை. ஆராய்ச்சி, பணமின்மை, உலகப் போர் என்று காரணங்கள் பல அடுக்கலாம். பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நமக்கு அவற்றின் வலிமை தெரியாததன்று. காத்திருப்போரின் நாட்கள் எத்தன்மையன என்பதும் தெரியும். உலகத்துக்கு அவர் தந்ததை எழுதும்போது, அதற்கான விலையில் ஒரு பங்கைக் கோதாவரிக் கரையில் ஒரு பெண்மணி செலுத்தினார் என்பதையும் எழுதுதல் வேண்டும்.

ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்கள்தாம் சென்றன. 1948 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு பேர்ல் ரிவரில் உறங்கச் சென்ற சுப்பாராவ் எழவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. சில ஆண்டுகளுக்குப்பின் அந்நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் புதிதாய்க் கண்ட பூஞ்சை இனத்துக்குச் சுப்பாரோமைசெஸ் என்று பெயரிட்டார். நம் நாட்டுத் தபால் இலாகா அவருடைய நூற்றாண்டான 1995இல் ஒரு தலை வெளியிட்டது.