அடிமைகளுக்கு அடிமையானவர்

தவக்காலம் வந்ததும் இறைச்சியை விடுவதா, இனிப்பை விடுவதா என்று யோசிக்கிறோம். யாரைத் தேடிப் போவது என்று யோசித்த ஒரு புனிதரை இன்று நினைவுகூர்வோம்.

புனித பீட்டர் கிளேவர் 1580ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வெர்தூ என்னும் ஊரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து மயோர்க்கா தீவில் படித்தபோது, கல்லூரியின் வாயிற்காவலரான முதிய சகோதரர் அல்போன்ஸ் ரொட்ரிகுவஸ் அவரை அமெரிக்க மறைப்பணிக்குத் தூண்டினார். 1610இல் இன்றைய கொலம்பியாவின் கார்த்தகேனா துறைமுகத்தை அடைந்த கிளேவர், 1616இல் அங்கேயே குருவானார்.

கார்த்தகேனா அன்று ஆப்பிரிக்க மக்களை விற்கும் சந்தை. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, பாதி உயிரோடு வந்து சேர்வார்கள். கப்பல் வருகிறது என்று கேட்டதும் கிளேவர் தண்ணீர், பழம், ரொட்டியோடு ஓடுவார். தாகம் தீர்ப்பார், புண்களைக் கழுவுவார், தம் மேலங்கியால் போர்த்துவார். மறைக்கல்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். அவருடைய பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அடிமைகளுக்கே முதலிடம். செல்வந்தர் வீட்டுப் பெண்கள் காத்திருக்க வேண்டும். 1622இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தபோது, தம்மை என்றென்றும் ஆப்பிரிக்கரின் அடிமை என்றே எழுதிக் கையொப்பமிட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வந்தவர்கள் பேசிய மொழிகள் பல. மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் இப்பணி நடந்திராது. அங்கோலாவைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சாக்கபூச்சே அவர்களில் ஒருவர். அவர்களோ இயேசு சபைக் கல்லூரிக்கே சொந்தமான அடிமைகள்! கிளேவரின் புனித வாழ்வைப் பற்றிய விசாரணையில் சாட்சியம் அளித்தவர்களுள் ஆந்த்ரேசும் உண்டு. எனினும் நம்மில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருக்கிறோம்?

கொள்ளைநோய் பரவிய காலத்தில் கிளேவரும் நோயுற்றார். கைகள் நடுங்கியதால் திருப்பலி நிறைவேற்ற முடியவில்லை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அறைக்குள்ளேயே கிடந்தார். கவனிக்க விடப்பட்ட ஓர் அடிமை அவருடைய உணவைத் தானே உண்டு, அவரைக் கடுமையாக நடத்தியதாகச் சொல்வார்கள். அந்த மனிதரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அதே கூரையின்கீழ் வாழ்ந்த துறவியரும் அவரை மறந்துதான் போனார்கள். கிளேவர் யாரிடமும் முறையிடவில்லை.

அவர் இறக்கும் தறுவாயில் இருக்கிறார் என்ற செய்தி பரவியதும் நகரமே திரண்டு வந்து, அறையில் இருந்த பொருள்களை அருளிக்கமாக எடுத்துச் சென்றது. 1654 செப்டம்பர் 8 அன்று இறந்தார். 1888இல் திருத்தந்தை 13ஆம் லியோ அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அதே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார் மயோர்க்காவின் அந்த வாயிற்காவலரும்.