ஏழு பிள்ளைகளுக்கு வந்த தாய்: மரியா வொன் ட்ராப்

1965ஆம் ஆண்டு வெளிவந்த ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ திரைப்படத்தைப் பார்க்காத பழைய மாணவியை எம்மிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும். மூத்தவர்கள் அதனைத் தியேட்டரில் பார்த்தோம். பின்வந்தவர்கள் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, அயலவரையும் கூட்டி வைத்துப் பார்த்தோம். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் வளரும் எம் பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஆறு நிமிடம் மட்டுமே குறைந்த அந்தப் படத்தை அம்மம்மாவும் மகளும் பேத்தியும் ஒன்றாக இருந்து அலுப்பில்லாமற் பார்க்க முடிகிறது. அது எப்படி என்று இம்மலருக்காக எண்ணத் தொடங்கிய நாம், படத்துக்கு மூலமாயிருந்த பெண்மணியின் வாழ்க்கையில் வந்து நின்றோம். மரியா வொன் ட்ராப் கற்பனைப் பாத்திரமல்லர். படத்தில் வரும் மரியாவை விட அவர் கடினமானவர். எம் பார்வையில், அவரிலும் பெரியவர்.

மரியா அகஸ்தா குட்ஷேரா 1905 ஜனவரி 26இல் பிறந்தார். பிறந்த இடம் வீடல்ல, வைத்தியசாலையுமல்ல. வியன்னாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ரயில் வண்டி. இரண்டு வயதளவில் தாயை இழந்தார். தகப்பனார் குழந்தையை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் வழியே போனார். மரியாவுக்குப் பத்து வயதாகு முன்னரே அவரும் காலமானார். பாதுகாவலராக வாய்த்தவர் அடிக்கிற கை உடையவர், கடவுள் நம்பிக்கை அற்றவர். அன்பான வீடு என்பதை அந்தப் பிள்ளை வெளியே நின்றுதான் பார்த்தது. அப்படி வளர்ந்தவர் பின்னாளில் உலகத்துக்கே ஒரு குடும்பத்தின் அடையாளமாக ஆனார் என்பதை நினைக்க வேண்டும்.

படிப்பு அவரைக் காப்பாற்றியது. வியன்னாவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து 1923இல் தேறி வெளியேறினார். அக்காலத்தில் ஒருநாள், பாஹ் என்னும் மேதையின் இசையைக் கேட்கலாம் என எண்ணித் தேவாலயம் ஒன்றுக்குப் போனார். அங்கே நடந்ததோ பிரசங்கம். கச்சேரிக்குப் போனவர் பக்தையாகத் திரும்பினார். அடுத்த ஆண்டே சால்ஸ்பேர்க் நகரின் நொன்பேர்க் கன்னியர் மடத்தில் துறவு வாழ்வை நாடிச் சேர்ந்தார். எட்டாம் நூற்றாண்டில் நிறுவப்பெற்ற பழம்பெரும் மடம் அது. மலையேறித் திரிந்து பழகிய அவருக்கு மடத்தின் நான்கு சுவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை; தலைவலியாற் துன்பப்பட்டார். 1926இல் மடத் தலைவி அவரைச் சில மாதங்களுக்கென்று வெளியே அனுப்பினார். அனுப்பிய இடம் கடற்படைத் தளபதி கேயோர்க் வொன் ட்ராப் அவர்களின் இல்லம்.

படம் இங்கே ஒரு மாற்றத்தைச் செய்திருக்கிறது. ஏழு பிள்ளைகளுக்கும் பொறுப்பான தாதியாக அவர் போகவில்லை. நோயினால் இளைத்துப் பாடசாலைக்கு நடந்து போக முடியாதிருந்த ஒரு சிறுமிக்கு வீட்டிலே பாடம் சொல்லிக் கொடுக்கவே போனார். சிறுமியின் பெயரும் மரியாதான். அவளுடைய தாயார் அகதே 1922இல் செங்காய்ச்சலினால் இறந்துவிட்டார். ஒரு பிள்ளைக்கென்று போன ஆசிரியையின் பின்னால் மற்ற ஆறு பிள்ளைகளும் வந்து நின்றார்கள். ஆசிரியத் தொழில் பார்த்த எம்மவர் பலருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

1927 நவம்பரில் திருமணம் நடந்தது. மணமகளுக்கு 22 வயது, மணமகனுக்கு 47. படத்திலே நிலா வெளிச்சத்திற் காதல் மலர்கிறது. மரியா தமது சுயசரிதையில் எழுதியிருப்பது வேறு. தாம் நேசித்தது பிள்ளைகளையே என்றும், அந்த மனிதரை விரும்பினாரேயன்றி அவர்மீது காதல் கொண்டிருக்கவில்லை என்றும், துறவியாகும் ஆசை கைநழுவிய கோபம் திருமண நாளன்றும் தம் மனதில் இருந்தது என்றும் ஒளிக்காமற் சொல்லியிருக்கிறார். ஒரு விதத்தில் அவர் பிள்ளைகளைத்தான் மணந்தார். கணவர்மீது அன்பு பிறகு வந்தது. வந்த பின் அது நிலைத்தது.

எமது பாட்டிமார் சொன்ன கதைகளிலே மாற்றாந்தாய் என்றால் கஞ்சியில் உப்புப் போடாதவள், பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புகிறவள். ஐரோப்பியக் கதைகளிலும் அவளுக்கு அதே குணந்தான். இந்தப் படம் அந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. தாயை இழந்த வீட்டுக்கு ஓர் அந்நியப் பெண் வருகிறாள். பிள்ளைகள் அவளைச் சோதிக்கிறார்கள். இடி முழங்கும் இரவில் அவளுடைய கட்டிலில் வந்து ஏறிக்கொள்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையையும் ஜூலி அன்ட்ரூஸின் குரலையும் எல்லோரும் புகழ்கிறார்கள், புகழட்டும். குடும்பங்கள் இப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு மெய்யான காரணம் அந்தக் கட்டிலருகேதான் இருக்கிறது என்பது எமது எண்ணம். பெற்றால்தான் பிள்ளையா என்ற கேள்விக்கு எந்த வீட்டிலும் காது கொடுப்பவர் ஒருவராவது இருப்பார்.

அப்படியானாலும் படம் ஒருவருக்கு அநியாயம் செய்திருக்கிறது. கேயோர்க் அவர்கள் பாட்டை வெறுத்த கடுமையான தகப்பனாராக இருக்கவில்லை. வயலினும் கிற்றாரும் வாசிக்கத் தெரிந்தவர். மரியா வருமுன்பே பிள்ளைகளுக்கு இசையைப் பழக்கியிருந்தவர். விசில் ஊதியது உண்மைதான். வளவு பெரிதாகையால் பிள்ளைகளைக் கூப்பிட அது உதவியது. கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்துகிறவர் மரியா. அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுகிறவரும் அவர். அந்தக் கோபத்தைக் கண்டு தகப்பனார்தான் அதிகம் தவித்தார் எனப் பிள்ளைகள் பின்னாளிற் சொல்லியிருக்கிறார்கள். மறைந்துபோன தம் கணவரைப் படத்திற் சற்று மென்மையாகக் காட்டும்படி மரியா கேட்டும் பலன் கிடைக்கவில்லை. அது அவருடைய நீங்காத மனக்குறை.

பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கிப் பிழைப்பாக முடிந்தது. 1930களின் நடுப்பகுதியில், நண்பர் ஒருவரின் வங்கிக்கு உதவப் போய்க் கேயோர்க் தமது செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார். வேலையாட்களை நிறுத்தி, வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். அவ்வீட்டுச் சிற்றாலயத்துக்கு வந்த வஸ்னர் என்ற குருவானவர் பிள்ளைகளின் குரலைக் கேட்டு முறையாகப் பயிற்றினார். புகழ்பெற்ற பாடகி லொட்டே லேமன் 1936இல் அவர்கள் பாடுவதைக் கேட்டுப் போட்டியிற் பங்குபற்றத் தூண்டினார், முதலிடம் கிடைத்தது. பிரபுக் குடும்பம் மேடையேறிக் காசுக்குப் பாடுவதா என்று கேயோர்க் கூசினார். மரியா கூசவில்லை. அடுப்பு எரிய வேண்டும் என்பது அனாதையாக வளர்ந்தவருக்குத் தெரியும்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் புகுந்தன. வீட்டில் நாசிக் கொடியேற்றக் கேயோர்க் மறுத்தார். ஜேர்மன் கடற்படையில் பதவி வந்தது, மறுத்தார். வைத்தியராகத் தேறியிருந்த மூத்த மகனுக்கு வியன்னாவில் உத்தியோகம் வந்தது, அவரும் மறுத்தார். ஹிட்லரின் பிறந்தநாளுக்குப் பாடுமாறு அழைப்பு வந்தது, குடும்பமாக மறுத்தார்கள். இத்தனை மறுப்புக்குப் பிறகு அங்கே இருக்க முடியாது. படத்திலே இரவோடிரவாக மலையைக் கடக்கிறார்கள். சால்ஸ்பேர்க்கிலிருந்து அம்மலையைக் கடந்தால் போய்ச் சேரும் இடம் ஜேர்மனி! உண்மையில் அவர்கள் உல்லாசப் பயணம் போகிறவர்கள் போல, முதுகிற் பையுடன், பகலில் இத்தாலிக்கு ரயிலேறினார்கள். மரியாவுக்குத் தாமே பெற்ற சிறு பெண்கள் இருவர் அப்போது இருந்தனர். வயிற்றிலும் ஒரு பிள்ளை. அவர்கள் விட்டு வந்த வீட்டில் நாசித் தலைவன் ஹிம்லர் குடிவந்தான்.

கதவைப் பூட்டிக்கொண்டு, திரும்பி வருவோமென்று அயலுக்குப் பாவனை காட்டி வெளியேறுவது என்னவென்று எம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. படத்தின் கடைசிக் காட்சியில் எம்மவர் மௌனமாகிவிடுவதை எத்தனையோ வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம்.

படம் முடிந்த இடத்திலேதான் மரியாவின் பாரம் தொடங்கியது. அமெரிக்காவிற் கச்சேரி செய்ய வந்தார்கள். விசா முடிந்ததும் வெளியேற வேண்டியதாயிற்று. 1939இல் மீண்டும் நியூயோர்க் வந்திறங்கியபோது எவ்வளவு காலம் தங்குவீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஒருபோதும் திரும்பிப் போக விருப்பமில்லை என மரியா உள்ளதைச் சொல்லிவிட்டார். அதனால் குடும்பம் முழுவதும் எலிஸ் தீவிலே தடுத்து வைக்கப்பட்டது. பிறகு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். தேவாலய இசையை மட்டும் பாடியபோது சபையோர் ரசிக்கவில்லை. நாட்டுப் பாடல்களைச் சேர்க்கவும் மேடையிற் சிரிக்கவும் பழகிக்கொண்டார்கள். 1942இல் வேர்மொன்ட் மாநிலத்தில், ஒஸ்திரிய மலைகளை நினைவூட்டிய ஸ்டோ என்ற ஊரில், பழைய பண்ணையொன்றை வாங்கித் தாங்களே திருத்தி வீடாக்கினார்கள். மூத்த ஆண்மக்கள் இருவர் அமெரிக்கப் படையிற் சேர்ந்து ஐரோப்பியப் போர்முனைக்குப் போய் வந்தனர். 1947இல் கேயோர்க் காலமானார். பத்துப் பிள்ளைகளுக்கும் எஞ்சி நின்றவர் ஒரே ஒரு தாய்.

கணவர் மறைந்த பின், 1949இல், மரியா தமது குடும்பக் கதையைப் புத்தகமாக எழுதினார். 1956இல் அதன் உரிமையை ஜேர்மன் படத்தயாரிப்பாளருக்கு 9,000 டொலருக்கு விற்றுவிட்டார். பின்னர் உலகம் முழுவதும் கொட்டிய பணத்தில் அக்குடும்பத்துக்குச் சிறு பங்குதான் கிடைத்தது. கல்வி கற்ற பெண்களும் கையொப்பமிடுமுன் ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும் என்று எமது அதிபர் அடிக்கடி சொல்வது இவ்விடத்தில் எமக்கு நினைவு வந்தது. 1959இல் ரிச்சர்ட் ரொட்ஜர்ஸும் ஒஸ்கார் ஹமர்ஸ்டைனும் அக்கதையை நியூயோர்க்கில் இசை நாடகமாக்கினார்கள். ‘எடெல்வைஸ்’ பாடலை ஒஸ்திரிய நாட்டுப் பாடலென்று பலர் நினைக்கிறார்கள். அது ஹமர்ஸ்டைன் கடைசியாக எழுதிய பாடல். 1960இல் அவர் இறந்துவிட்டார், படத்தைப் பார்க்கவில்லை. ரொபேர்ட் வைஸ் இயக்கிய படம் ஐந்து ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஒரு காட்சியிலே ஜூலி அன்ட்ரூஸ் தெருவழியே போகையில், பின்னால் ஒரு கணம் நடந்து மறைகிறவர்களில் மெய்யான மரியாவும் ஒருவர். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

படத்திலுள்ள பிள்ளைகளின் பெயர்களும் வயதுகளும் மாற்றப்பட்டவை. மூத்தவர் ஆண்பிள்ளை, படத்தில் அவர் பதினாறு வயதுப் பெண்ணாகிவிட்டார். இந்த மாற்றம் எமக்குக் குறையாகத் தெரியவில்லை. ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை ஏழு பிள்ளைகள் இருப்பதால், பார்க்கும் வீட்டிலுள்ள எந்தப் பிள்ளைக்கும் திரையில் ஒரு சோடி கிடைத்துவிடுகிறது. ‘டோ ரே மீ’ பாட்டு அசலில் ஒரு சங்கீத வகுப்பு. எமது ஆசிரியை ச ரி க ம சொல்லித் தந்த அதே ஒழுங்கில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் அடையாளம் சொல்லி, பின் சுரங்களை மாற்றிக் கோத்து, கடைசியிற் பிள்ளைகளையே பாட விடுகிறது. நான்கு வயதுப் பிள்ளை முதற் தடவையிலேயே கூடப் பாடும். பேத்தி அதைப் பாடும்போது அம்மம்மாவுக்கு இசையறையின் பழைய பியானோ நினைவு வருகிறது. நடுவிலிருக்கும் மகளுக்கோ, ஏழு பிள்ளைகளின் உடுப்பைத் திரைச்சீலையிலே தைத்த அந்தப் பெண்ணின் களைப்பு விளங்கும்.

பாட்டுக் குழு 1950களின் நடுப்பகுதியிற் கலைந்தது. மரியாவும் பிள்ளைகள் சிலரும் நியூகினியாவுக்குச் சமயப் பணிக்குப் போனார்கள். மரியா திரும்பி வந்து, பண்ணை வீட்டை விருந்தினர் விடுதியாக நடத்தினார். படத்தைப் பார்த்துவிட்டு வருவோர் அவரையும் ஜூலி அன்ட்ரூஸ் போல இருப்பாரென்று எண்ணி வந்து, உரத்த குரலில் வேலை வாங்கும் ஒரு பெரிய மனுஷியைக் கண்டார்கள். 1980இல் அந்த விடுதி தீக்கிரையானது. எழுபத்தைந்து வயதில் மீண்டும் ஒரு வீட்டை இழந்தார். அது திரும்பக் கட்டப்பட்டது. 1987 மார்ச் 28இல் காலமானார். பண்ணை நிலத்திலேயே கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வீட்டிலே பாடம் படிக்க வேண்டியிருந்த அந்த நோயாளிச் சிறுமி, இளைய மரியா, மற்ற ஆறு பேரும் போன பிறகும் இருந்தார். நியூகினியாவில் நீண்ட காலம் பணியாற்றினார். 2008இல், தொண்ணூற்று மூன்று வயதில், சால்ஸ்பேர்க்கிலுள்ள பழைய வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தார். 2014இல் தமது தொண்ணூற்றொன்பதாவது வயதில் வேர்மொன்ட்டில் இறந்தார்.