கல்லில் உயிரைக் கண்டவர்

பெரம்பலூரை அடுத்த குரும்பலூரிலிருந்து கடற்கரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும், இவ்வட்டாரத்துக் காரை முதல் அரியலூர் வரையிலான ஓடைக்கரைகளிலும் மேட்டு நிலங்களிலும் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்குக் கடல் பரவியிருந்ததற்கு அவையே சான்று. அக்கடலில் வாழ்ந்த உயிர்களை இனம் பிரித்து உலகறியச் செய்தவர்களுள் தலையாயவர் பெர்டினாண்ட் ஸ்டொலிச்கா.

இன்றைய செக் நாட்டின் மொராவியப் பகுதியில், 1838ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், வனப்பணியாளர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். வியன்னாவில் நிலவியலும் தொல்லுயிரியலும் கற்றார். 1862இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியேற்றுக் கல்கத்தாவிற்கு வந்தார்.

அதற்கு முன்பே, ஹென்றி பிளான்போர்டு என்பவர் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துப் பாறைகளை ஆராய்ந்து, அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாகப் பிரித்திருந்தார். அவ்வடுக்குகளிலிருந்து திரட்டப்பட்ட புதைபடிவங்களுள் ஒரு சிறு பகுதியை மட்டுமே அவர் விளக்கியிருந்தார். எஞ்சிய பெரும்பணி இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஸ்டொலிச்காவிடம் வந்து சேர்ந்தது.

உயிருள்ள விலங்கை அதன் உடலமைப்பு, உணவு, வாழிடம் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தலாம். கல்லாகிவிட்ட உயிரில் ஓடு மட்டுமே எஞ்சும். சுருண்ட ஓட்டினை உடைய அம்மோனைட்டுகளை அவற்றின் அறைச்சுவர்கள் ஓட்டுடன் கூடும் வளைகோடுகளாலும், இரட்டை ஓட்டுச் சிப்பிகளை அவற்றின் கீல்பகுதிப் பற்களாலும் இனங்காண வேண்டும். ஸ்டொலிச்கா ஒவ்வோர் ஓட்டையும் ஐரோப்பியப் படிவங்களுடன் ஒப்பிட்டார். பேரினம், சிற்றினம் என முறைப்படுத்தினார். தலைக்காலிகள், வயிற்றுக்காலிகள், சிப்பிகள், முட்தோலிகள், பவளங்கள் என அவரது ஆய்வு விரிந்தது. சிப்பிகளைப் பற்றி எழுதியபோது, அதுவரை அறியப்பட்டிருந்த பேரினங்கள் அனைத்தையும், வாழ்பவை, அழிந்தவை என்ற வேறுபாடின்றி, ஒருசேர மறு ஆய்வு செய்தார். இன்று வாழும் உயிர்களும் மறைந்த உயிர்களும் ஒரே குடும்ப மரத்தின் கிளைகள் என்பதை அவரது வகைப்பாடு உணர்த்தியது. தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் கால உயிர்களைப் பற்றிய அப்பெருநூல் நான்கு பகுதிகளாக 1873இல் நிறைவுற்றது.

கல்லோடு அவரது ஆர்வம் நின்றுவிடவில்லை. இமயம், கட்சு, அந்தமான், பர்மா எனப் பயணம் செய்து பறவைகள், ஊர்வன, நத்தைகள் ஆகியவற்றையும் ஆராய்ந்தார். 1873இல் யார்க்கண்டு நோக்கிச் சென்ற தூதுக்குழுவில் இயற்கை ஆய்வாளராக இணைந்தார். திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைக் கடந்தபின் கடும் நோயுற்று, 1874ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், லடாக்கின் முர்கோவில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அவரது உடல் லே நகரில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டே அம்மோனைட்டுப் பேரினம் ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

அம்மோனைட்டுகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றாக அழிந்தன. அவை வாழ்ந்தன என்பதை நாம் அறிவது, யாரோ ஒருவர் கல்லைக் குனிந்து எடுத்து, உற்றுநோக்கி, உரிய இடத்தில் வைத்துப் பெயரிட்டதால்தான். பெயரிடப்படாத உயிர் மறைந்தால், அதன் இழப்பைக்கூட எவரும் அறியார். இன்று சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் இம்மண்ணில், காலடியில் தென்படும் ஒரு சுருள் ஓட்டை வெறும் கல்லென எறிந்துவிடாமல் நின்று நோக்குவதே, இளமையிலேயே மறைந்த அவ்வறிஞருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.