உப்பை விட்ட கஸ்தூரிபா

உப்பையும் பருப்பையும் விட்டுவிட வேண்டும் என்று கணவர் சொன்னார். மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் உங்களால் விட முடியுமா என்று கேட்டார்.

கணவர், காந்தி. மனைவி, கஸ்தூரிபா. இடம், தென் ஆப்பிரிக்கா.

கஸ்தூரிபா 1869-ம் ஆண்டு போர்பந்தரில் பிறந்தார். 1883-ல் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை.

தென் ஆப்பிரிக்காவில் அவருக்கு ரத்தப்போக்கு கண்டது. டர்பன் நகரில் ஆபரேஷன் நடந்தது. உடம்பு மிகவும் இளைத்திருந்ததால் மயக்க மருந்து கொடுக்காமலே செய்தார்கள். அவ்வளவு வலியையும் பொறுத்துக்கொண்டார். பிறகு மாட்டு இறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். செத்தாலும் தொடமாட்டேன் என்று கஸ்தூரிபா மறுத்துவிட்டார். மழைத் தூறலில் அவரைப் பீனிக்ஸ் பண்ணைக்குக் கொண்டுபோனார் காந்தி.

கொஞ்ச நாளில் மறுபடியும் ரத்தப்போக்கு. அப்போதுதான் இந்த உப்பு, பருப்புப் பேச்சு வந்தது.

அதற்கு மேல் மனைவியிடம் காந்தி வாதாடவில்லை. நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஒரு வருடத்துக்கு இரண்டையும் விட்டேன் என்று அந்த நிமிடமே சொல்லிவிட்டார். கஸ்தூரிபா பதறினார். நான் விட்டுவிடுகிறேன், நீங்கள் சபதத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அழுதார். காந்தி கேட்கவில்லை. அன்று முதல் இருவருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. ரத்தப்போக்கும் நின்றது.

பருப்பை விட்டதால்தான் நோய் தீர்ந்தது என்று இன்றைய டாக்டர்கள் சொல்லமாட்டார்கள். பருப்பு நல்ல உணவு. யாரும் நிறுத்த வேண்டாம். உப்பு விஷயம் வேறு. அதிக உப்பு ரத்தக் கொதிப்பைக் கூட்டும். நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஒரே புடவை

1917-ல் பீகாரில் சம்பாரண் கிராமங்களுக்குக் காந்தியுடன் கஸ்தூரிபாவும் போனார். தொண்டர்களிடம் இருந்த மருந்து மூன்றே மூன்று: விளக்கெண்ணெய், கொய்னா, கந்தகக் களிம்பு. சிரங்கைக் கழுவிய பிறகுதான் களிம்பு. தெருவைக் கூட்டுவது, கிணற்றைச் சுத்தம் செய்வது, இவையும் வைத்தியத்தோடு சேர்ந்த வேலைகள்.

ஒரு கிராமத்தில் பெண்கள் அழுக்குத் துணியுடன் இருந்தார்கள். ஏன் துவைப்பதில்லை என்று விசாரிக்கும்படி மனைவியிடம் சொன்னார் காந்தி. ஒரு பெண் கஸ்தூரிபாவைத் தன் குடிசைக்குள் அழைத்துப் போனாள். பெட்டி இல்லை, அலமாரி இல்லை. உடுத்தியிருந்த புடவை ஒன்றுதான் அவள் சொத்து. அதைத் துவைத்துப் போட்டால் எதை உடுத்துவது? இன்னொரு புடவை கிடைத்தால் தினமும் குளிக்கிறேன் என்றாள். சுத்தமாக இரு என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

சின்னாளபட்டியில்

1942-ல் கஸ்தூரிபா கைதானார். பூனா ஆகாகான் மாளிகையில் காவல். 70 வயது தாண்டியும் அங்கே கணவரிடம் பாடம் படித்தார். 1944 பிப்ரவரி 22-ந்தேதி அங்கேயே காலமானார்.

அவர் பெயரில் 75 லட்சம் ரூபாய் திரட்டத் திட்டமிட்டார்கள். அதற்கு மேலேயே சேர்ந்தது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே அது செலவாக வேண்டும் என்றார் காந்தி. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் சௌந்தரம். 1947-ல் திண்டுக்கல் அருகே சின்னாளபட்டியில் சிறியதாகத் தொடங்கியதுதான், காந்திகிராமத்தில் உள்ள கஸ்தூரிபா ஆஸ்பத்திரி.