தொட்டியைக் கவிழ்த்த டாக்டர்

சேலம் வீதிகளில் விளக்கேற்றும் நேரமானால் கொசுவின் ரீங்காரமும் தொடங்கிவிடும். கதவைச் சாத்துகிறோம், புகை போடுகிறோம். கொசு பிறக்கும் இடம் எது என்று தேடுபவர் சிலரே. அப்படித் தேடி உலகப் புகழ் பெற்றவர் ரொனால்டு ராஸ்.

1857-ஆம் ஆண்டு மே 13-ந் தேதி இமயமலைச் சாரலில் அல்மோராவில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. மகனுக்கோ கவிதையிலும் சங்கீதத்திலும் நாட்டம். தந்தையின் விருப்பத்துக்காகவே வைத்தியம் படித்து, 1881-ல் அரசாங்க வைத்தியராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

பிறகு பெங்களூரில் அவர் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை பொறுக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியை எட்டிப் பார்த்தார். தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார்; தொல்லை தீர்ந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்க்கலாமே என்று படை அதிகாரி ஒருவரிடம் யோசனை சொன்னார். அது இயற்கைக்கு விரோதம் என்று அவர் மறுத்துவிட்டாராம்!

கெட்ட காற்றினால் மலேரியா வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. 1894-ல் லண்டனில் டாக்டர் மான்சன், கொசுவின் மீதுள்ள தம் சந்தேகத்தை ராஸிடம் கூறினார். அன்று முதல் ராஸுக்கு வேறு நினைவில்லை. ஊட்டிக்கு அருகே சிகூரில் ஆராயப் போனவர், தாமே மலேரியாவில் படுத்தார். செகந்திராபாத்தில், கொசுக்கள் பறந்துவிடுமே என்று விசிறியைக்கூட நிறுத்திவிட்டு உழைத்தார். வியர்வை பட்டுப் பூதக்கண்ணாடியின் திருகுகள் துருப்பிடித்தன. நோயாளிக்கு, கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி!

1897 ஆகஸ்டு 20-ந் தேதி, அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த மாதமே ராஜபுதனத்துக்கு மாற்றல் உத்தரவு! அங்கே ஆராய்ச்சிக்கு மலேரியா நோயாளிகளே கிடைக்கவில்லை. மனம் ஒடிந்தாலும் கைவிடவில்லை. 1898-ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே பரவுவதை நிரூபித்தார். மனித மலேரியாவும் அவ்வாறே பரவுவதை அதே ஆண்டு இத்தாலிய விஞ்ஞானிகள் காட்டினர். 1902-ல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆராய்ச்சியோடு அவர் ஓயவில்லை. ஆப்பிரிக்காவில் பிரீடவுன், சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மாயிலியா முதலிய ஊர்களுக்குச் சென்று, தேங்கிய நீரை அகற்றும் வழியைப் போதித்தார். 1932 செப்டம்பர் 16-ந் தேதி காலமானார்.

மலேரியாக் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடும். டெங்குக் கொசுவுக்கோ வீட்டுக் குடமும் போதும். லாரித் தொழில் மிகுந்த நாமக்கல்லில் கழித்துப் போட்ட டயரும் போதும். முட்டை கொசுவாகச் சுமார் பத்து நாள். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் போதும். அந்தப் பரம்பரை அங்கேயே அழியும். ராஸ் பெங்களூரில் செய்ததும் அதுதான்.