48 வயதில் கிடைத்த கேமரா

ஒருவரின் முகத்தைப் படம் பிடிக்க எந்தக் கேமரா நல்லது? எந்த லென்ஸ் நல்லது? போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் இன்றும் யோசிக்கும் கேள்வி இது. 150 ஆண்டுகளுக்கு முன்பே இதற்குத் தனக்கென்று ஒரு விடை கண்டவர் ஒரு பெண்மணி. அவர் பிறந்தது கொல்கத்தாவில். மறைந்தது இலங்கையில். பெயர் ஜூலியா மார்கரெட் கேமரூன்.

பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று வியக்கிறீர்களா? கேமரூன் என்பது அவர் கணவரின் குடும்பப் பெயர். அவ்வளவுதான்!

ஜூலியா 1815-ம் ஆண்டு ஜூன் 11-ம் தேதி பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் சட்ட அறிஞரான சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். கணவர் அவரைவிட 20 வயது மூத்தவர். 1848-ல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. பிறகு அந்நாட்டின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் குடியேறியது.

1863-ம் ஆண்டு டிசம்பர் மாதம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவரோ இலங்கையில் உள்ள காப்பித் தோட்டங்களைக் கவனிக்கப் போயிருந்தார். தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு மரப்பெட்டிக் கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48!

கோழிக் கூண்டே ஸ்டூடியோ

ஜூலியாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. கண்ணாடி பதித்த கோழிக் கூண்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார். நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆனது.

அந்தக் காலத்தில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிக்க வேண்டும். தகட்டின் மேல் முதலில் 'கொலோடியன்' என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிப் பரப்புவார்கள். பட்டாசுக்குப் பேர்போன சிவகாசி, திருத்தங்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வெடிப்பஞ்சு இனத்தைச் சேர்ந்த ஒரு பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துத்தான் அந்தத் திரவத்தைச் செய்தார்கள். வெடிக்கும் பொருளின் உறவுக்காரப் பொருள் ஒன்று, முகங்களைப் பதிய வைக்கவும் உதவியிருக்கிறது!

திரவம் பூசிய தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் தகடு வீண். வெள்ளி நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கருத்துப் போகும். ஜூலியாவின் கைகளும் உடைகளும் எப்போதும் கறையாகவே இருந்தன.

அவர் முதலில் எடுத்த படங்கள் பல பாழாயின. 1864 ஜனவரியில் ஆனி பில்பாட் என்ற சிறுமியை எடுத்த படம் நன்றாக வந்தது. அதைத்தான் தன் முதல் வெற்றி என்று கொண்டாடினார்.

லென்ஸ் செய்த மாயம்

அந்நாளில் மக்கள் ஸ்டூடியோவுக்குப் போய் விசிட்டிங் கார்டு அளவில் படம் எடுத்துக்கொள்வது நாகரிகமாக இருந்தது. தலை அசையாதபடி பின்னால் ஓர் இரும்புத் தாங்கி. தலை முதல் கால் வரை முழு உருவம். முகமோ பட்டாணி அளவு!

ஜூலியாவுக்கு இது பிடிக்கவில்லை. முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், அதில் அந்த மனிதரின் மனமும் தெரிய வேண்டும் என்று விரும்பினார். அதற்கேற்ற கருவியைத் தேடினார்.

அவருடைய முதல் கேமராவில் இருந்தது பிரான்ஸ் நாட்டு ஜாமின் லென்ஸ். தகடு ஏறக்குறைய நீள நோட்டு அளவு. சில ஆண்டுகளில் அதைவிடப் பெரிய கேமரா வாங்கினார். அதன் தகடு 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். அதற்கு டால்மேயர் கம்பெனியின் லென்ஸைத் தேர்ந்தெடுத்தார். அதன் குவியத் தூரம் சுமார் 30 அங்குலம்.

குவியத் தூரம் என்றால் என்ன? தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறதோ, அந்தத் தூரம். அது நீளமாக இருந்தால் பிம்பமும் பெரிதாக விழும். எனவே மூக்குக்கு நேரே கேமராவைக் கொண்டுபோக வேண்டியதில்லை. சில அடி தள்ளி வைத்தே முகத்தால் தகட்டை நிரப்பலாம். மிகவும் நெருங்கி எடுத்தால் மூக்கு புடைத்துத் தெரியும் அல்லவா? அந்தக் குறை இதில் குறைவு.

இன்னொரு விளைவும் உண்டு. இவ்வளவு பெரிய பிம்பத்தில் எல்லாமே தெளிவாக இருக்காது. கண் தெளிவாக இருந்தால் காதும் தோளும் மங்கிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு அருகே நீட்டிப் பாருங்கள். விரலைக் கவனித்தால் பின்னால் உள்ள சுவர் மங்கும். ஏறக்குறைய அது மாதிரிதான்.

மற்றவர்கள் ஒவ்வொரு முடியும் தெளிவாகத் தெரியும்வரை லென்ஸைத் திருப்புவார்கள். ஜூலியாவோ கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சில சமயம் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். லேசாக அசைந்தால் அதுவும் படத்தில் சேரும்.

போட்டோ வல்லுநர்கள் பலர் கேலி செய்தார்கள். லென்ஸைச் சரியாக வைக்கவே தெரியாதவர் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். தகட்டில் விழுந்த கைரேகையையும் கீறலையும் குறையாகச் சொன்னார்கள். ஜூலியா தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. லண்டனில் உள்ள சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865-லேயே அவர் படங்களை வாங்கியது. 1868-ல் ஸ்டூடியோ வைத்துக்கொள்ள இரண்டு அறைகளும் கொடுத்தது.

கவிஞர் டென்னிசன், அறிவியல் மேதை டார்வின் என்று புகழ்பெற்றவர்கள் பலர் அவர் கேமரா முன் அமர்ந்தார்கள். வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் அவருக்கு நீண்டநாள் நண்பர். 1867-ல் அவரைப் படம் எடுத்தபோது தலைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொன்னாராம் ஜூலியா. கறுப்புப் பின்னணியில் வெள்ளை முடி ஒளிவட்டம் போல் மின்னும் அந்தப் படம் இன்றும் புகழ்பெற்றது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரையும் அதே அக்கறையோடு பலமுறை படம் எடுத்தார்.

இலங்கையில் கடைசி நாட்கள்

1875-ல் கணவனும் மனைவியும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். கப்பலில் ஏற்றிய சாமான்களில் இரண்டு சவப்பெட்டிகளும் இருந்தனவாம்! போகும் இடத்தில் நல்ல சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலை!

அப்போது தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். ஜூலியா தோட்டத் தொழிலாளர்களையும் கிராமத்து மக்களையும் படம் எடுத்தார். வெப்பத்தில் தகடு விரைவில் காயும் என்பதால் அங்கே வேலை கடினம். அந்தப் படங்களில் 30-க்கும் குறைவானவையே மிஞ்சியுள்ளன.

இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டார்வின், ஹெர்ஷல் என்று பெயர் இருக்கிறது. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் குடியானவர்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் பெயர் என்ன? எழுதி வைக்கப்படவில்லை. முகங்கள் மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

1879-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி ஜூலியா மறைந்தார். பொகவந்தலாவையில் ஒரு தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்து அவர் அருகிலேயே அடக்கமானார்.

கண்ணாடித் தகட்டுக்குப் பின் பிலிம் சுருள் வந்தது. 6 சென்டிமீட்டர் அகலமுள்ள 120 பிலிமைப் போட்டு நம் ஊர் ஸ்டூடியோக்களில் பல ஆண்டுகள் படம் எடுத்தார்கள். அதற்கு 80 மில்லிமீட்டர் லென்ஸ் சாதாரணப் படத்துக்கு. முகத்துக்கு 150 மில்லிமீட்டர். நீண்ட லென்ஸ், தெளிவான கண், மங்கிய பின்னணி என்ற அதே கணக்குதான்! இன்று செல்போனில் முகத்தை எடுத்தால் பின்னணியைக் கணினிக் கணக்கால் மங்கச் செய்கிறார்கள்.

அடுத்த முறை பாட்டியையோ நண்பனையோ படம் எடுக்கும்போது, பட்டனை அழுத்துவதற்கு முன் அந்த முகத்தை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். அதில் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மறக்காமல் படத்தோடு அவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்!